செவலையின் குளம்பும் அத்தையின் நீலமும்

ஒரு தினசரி காலண்டர் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 1983, மார்கழி மாதம். தேதி இருக்க வேண்டிய இடம் கிழிந்துபோய்விட்டது (தேதி போடாமல் சலவைத் துணிக்கணக்குகூட எழுதாதவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது). அதன் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது:

"இன்றும் நீலம். அத்தைக்கு இரண்டு அதிரசம் அனுமதிக்கப்பட்டது. விஞ்ஞானம் வென்றது."

இதில் முதல் வாக்கியம் உண்மை. நீலமாகத்தான் இருந்தது. இரண்டாவதும் உண்மை. அத்தை இரண்டையும் தின்றுவிட்டு மூன்றாவதுக்கும் கை நீட்டினார். மூன்றாவது வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். பி.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு உசிலம்பட்டிக்கு வாக்கப்பட்டுப் போனேன். சீராகக் கட்டில் வந்தது, பீரோ வந்தது, பி.எஸ்சி.யும் வந்தது. அத்தை பேச்சியம்மாள் பீரோவைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. "எம் மருமக கெமிஸ்ட்ரி படிச்சவ" என்று மட்டும் பால் வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் சொன்னார். கெமிஸ்ட்ரி என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அத்தையும் சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை. பெருமை எந்த ரூபத்தில் வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும் வயது.

அந்தப் பெருமையைக் காட்ட ஒரு வாய்ப்பும் வந்தது. அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒருநாள் தெருவில் நடந்த விசேஷத்துக்குப் போனவர், பந்தல் காலைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுய்யா, பொம்பளைக போக வேணாமா?" என்று அதட்டியிருக்கிறார். பந்தல் கால் நகரவில்லை. அத்தை இன்னும் சத்தமாக அதட்டியிருக்கிறார். மொத்தப் பந்தலும் சிரித்துவிட்டது. வீட்டுக்கு வந்த அத்தை அதன்பிறகு வாசலைத் தாண்டவில்லை. பாலைக்கூட மாமாதான் ஊற்றினார். அதுவரை தெருவையே தன் குரலில் வைத்திருந்த மனுஷி, குரல் வந்த திசையைப் பார்த்து "யாரு?" என்று மெதுவாகக் கேட்க ஆரம்பித்தார்.

உள்ளூர் டாக்டர் சொன்னது இதுதான்: "ஆபரேஷன் பண்ணினா பார்வை வந்துரும். ஆனா உங்களுக்குச் சர்க்கரை நெறைய இருக்கு. அது இறங்காம மதுரையில கத்தி வைக்க மாட்டாங்க. மாத்திரை தாறேன், சாப்பாட்டக் குறைங்க. வீட்டுலயே தெனமும் டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கங்க."

"வீட்டுலயேவா?" என்றார் மாமா.

"கெமிஸ்ட்ரி இருக்குல்ல" என்றார் அத்தை.

இந்தக் காலத்தில் விரலில் ஒரு குத்து, கருவியில் ஒரு எண். அந்தக் காலத்தில் சர்க்கரை நோயாளி வீடு என்றால் அது ஒரு சின்ன ஆய்வுக்கூடம். பெனடிக்ட் கரைசல் என்று மருந்துக்கடையில் ஒரு நீலத் திரவம் விற்கும். சோதனைக் குழாயில் அதைக் கொஞ்சம் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று போனால் கூடுதல். செங்கல் நிறம் வந்தால் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

சாமான்களை மதுரையிலிருந்து வாங்கி வந்தேன். சொட்டு விட, பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லர். அடுப்படியில் கடை விரிக்கப் போனபோது அத்தை ஒரே சத்தம்.

"அடி ஆத்தி! சோறு பொங்குற எடத்துல மூத்திரத்தக் காச்சப் போறியா?"

"அத்த, நாளும் கிழமையுமா வீடு பூராம் கோமியம் தெளிக்கிறீங்களே?"

"அது மாடு. நா மனுசி. அதுவும் நானும் ஒண்ணா?"

இதற்கு வேதியியலில் பதில் இல்லை. ஆய்வுக்கூடம் மாட்டுத்தொழுவத்துக்குப் போனது. தொழுவத்துச் சுவரில் ஒரு மாடக்குழி. அதில் என் விளக்கு, குழாய், பாட்டில். எதிரில் செவலைப் பசு. நான் சோதனை செய்யும்போதெல்லாம் அது அசைபோட்டுக்கொண்டே பார்க்கும். கல்லூரியில் என் செய்முறைத் தேர்வை இம்புட்டுக் கவனமாக யாரும் பார்த்ததில்லை.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. தொழுவம் சேறாகி, செவலையின் முன்னங்கால் குளம்பில் புண் வந்துவிட்டது. மாமா அதற்குத் துத்தத்தைத் தண்ணீரில் கரைத்துத் தினமும் ஊற்றுவார். (மயில்துத்தம் என்பதும் காப்பர் சல்பேட் என்பதும் ஒன்றுதான். அழகான நீலம்.) அவர் வைத்திருந்த பாட்டில் உடைந்துபோக, "ஏத்தா மல்லிகா, ஒரு பாட்டுலு இருந்தாக் குடு" என்று கேட்டார். என் சீர்வரிசையில் ஊறுகாய் போடுவதற்கென்று ஜோடியாக இரண்டு கண்ணாடி பாட்டில்கள் வந்திருந்தன. ஒன்றில் ஏற்கெனவே பெனடிக்ட் கரைசலை ஊற்றி வைத்திருந்தேன். ஜோடியில் மற்றொன்றை மாமாவுக்குக் கொடுத்தேன்.

ஒரே மாடக்குழி, ஒரே மாதிரி இரண்டு பாட்டில், இரண்டிலும் நீலத் திரவம். எந்த முட்டாளுக்கும் ஆபத்து தெரியும். எனக்கும் தெரிந்தது. அதனால்தான் பெயர் எழுதினேன். தாளில் எழுதி ஒட்டினால் தொழுவத்து ஈரத்தில் உரிந்துவிடும் என்று யோசித்து, என் கல்யாண நகப்பூச்சை எடுத்து, அழியாத சிவப்பில், ஒன்றின் மூடியில் 'அ' என்றும் இன்னொன்றின் மூடியில் 'மா' என்றும் எழுதினேன். அத்தை, மாடு.

ஆமாம். மூடியில்.

(மூடி என்பது கழற்றக்கூடிய பொருள் என்பதை மூன்று வருஷப் படிப்பில் யாரும் எனக்குத் தனியாகச் சொல்லித்தரவில்லை.)

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. முதல் நாள் செங்கல் நிறம். கேப்பைக் களி, கீரை, சர்க்கரை இல்லாத காப்பி, வீட்டுக்குள்ளேயே நடை என்று நான் சட்டம் போட்டேன். அத்தை முனகிக்கொண்டே அத்தனைக்கும் கட்டுப்பட்டார். தினமும் காலையில் தொழுவத்து வாசலில் வந்து நின்று, "என்ன கலரு?" என்பார். புரை விழுந்த கண்ணுக்குக் குழாயே மசமசவென்றுதான் தெரியும். நான் சொல்வதுதான் நிறம். செங்கல் ஆரஞ்சானது, ஆரஞ்சு மஞ்சளானது. மஞ்சளிலேயே நின்றுகொண்டிருந்தது.

கார்த்திகை தீபத்துக்குத் தொழுவத்தைச் சுத்தம் செய்து வெள்ளையடித்தோம். அடுத்த நாள் காலை, குழாய் நீலமாக இருந்தது.

நான் போட்ட கூச்சலில் செவலை கயிற்றை அறுக்கப் பார்த்தது.

"நீலம்! அத்த, நீலம்!"

"நெசமாவா?"

"சத்தியமா!"

மறுநாளும் நீலம். அதற்கு மறுநாளும். நான் என் உணவுத் திட்டம் என்றேன். மாமா, கோயிலுக்குக் கிடா நேர்ந்துகொண்டதுதான் காரணம் என்றார். அத்தை, தான் யாருக்கும் தெரியாமல் குடித்துவந்த ஆவாரம்பூக் கஷாயம் என்றார். மூன்று பேரும் வெற்றியைப் பங்கு போடுவதில் மும்முரமாக இருந்தோம். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில் பச்சை என்று ஒன்று உண்டே, அது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான்.

விஷயம் தெருவில் பரவியது. பெட்டிக்கடை அண்ணன் ஒருவர் தன் சிறுநீரோடு வந்தார். அவர் பழைய சர்க்கரைக்காரர். அவருக்கும் நீலம்! "தங்கச்சி, ஒனக்குக் கைராசி. நீ தொட்டாலே சக்கரை எறங்குது" என்றார். ஒரு பி.எஸ்சி. பட்டதாரி இதைக் கேட்டதும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன்.

அத்தைக்குப் பரிசாக அதிரசம் அறிவித்தேன். வாரம் ஒன்று என்று ஆரம்பித்தது, நீலம் தொடரத் தொடரப் பெருகியது. ராத்திரியில் அத்தை சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். "நாக்கு வறளுதுத்தா" என்றார். "வெயில் அத்த" என்றேன். மார்கழி மாதத்தில்.

பாட்டிலின் அடியில் கொஞ்சம் சாணி காய்ந்து ஒட்டியிருந்தது. தொழுவம் என்றால் ஒட்டத்தானே செய்யும் என்று தினமும் பாட்டிலின் வாயை மட்டும் துடைத்துவிட்டே சோதனை செய்தேன். அந்த அளவுக்குச் சுத்தம் பார்ப்பவள்.

மார்கழிக் கடைசியில் மதுரைக்குக் கிளம்பினோம். அத்தை இரண்டு சேலை, பாய், தம்ளர் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டார். ஆபரேஷன் முடிந்துதான் திரும்புவது என்று முடிவு. வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம், "போயிட்டு வாரேன். வந்து ஒம் மூஞ்சிய ஒழுங்காப் பாக்குறேன். எம்புட்டு நாளா என்னையப் பாத்து மொறைச்சன்னு தெரிஞ்சுபோகும்" என்றார். ரொம்ப நாள் கழித்து அந்தப் பழைய குரல். நான் ஒயர் கூடையில் காலண்டர் தாள்களையும், பெருமைக்காகப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன்.

கண் ஆஸ்பத்திரியில் அத்தையின் சிறுநீரை வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பரிசோதனை ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

"பேச்சியம்மா யாரு?"

"நாந்தேன்" என்று அத்தை எழுந்தார், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி.

"சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கேம்மா. இப்ப ஆபரேஷன் முடியாது."

நான் முன்னால் பாய்ந்தேன். "இருக்காதுங்க. வேற யாரோடதோ மாறியிருக்கும்."

அவர் குழாயைத் தூக்கிக் காட்டினார். செங்கல் நிறம். உசிலம்பட்டிச் செங்கல் காளவாசலில் அன்று காலை அறுத்துச் சுட்டெடுத்த மாதிரி.

"உங்க கரைசல் பழசாயிருக்கும்" என்றேன். "நான் கெமிஸ்ட்ரி கிராஜுவேட். தினமும் நானே டெஸ்ட் பண்றேன். ரெக்கார்டு இருக்கு." காலண்டர் தாள்களை விசிறி மாதிரி விரித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் பொறுமைசாலி. "எதுல டெஸ்ட் பண்ணுனீங்க?"

பாட்டிலை எடுத்து ஜன்னலில் வைத்தேன். அவர் மூடியைப் பார்த்தார். "'அ'ன்னா என்னம்மா?"

"அத்தை."

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என் பாட்டிலிலிருந்து கொஞ்சம் குழாயில் ஊற்றினார். ஒரு டப்பாவைத் திறந்து வெள்ளைப் பொடியைக் கொஞ்சம் அதில் போட்டார். கொதிக்க வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீலம். அழகான, அசையாத நீலம்.

"நான் போட்டது சுத்தமான குளுக்கோஸ்மா" என்றார். "அதுலயே சர்க்கரை இல்லங்குது உங்க பாட்டில்."

என் மூளையில் அப்போதுதான் பாடப்புத்தகம் திறந்தது. காப்பர் சல்பேட் மட்டும் இருந்து, அதோடு சேர வேண்டிய சலவைச் சோடா இல்லையென்றால், சர்க்கரை மூட்டையையே கொட்டினாலும் நிறம் மாறாது. பாட்டிலை மெதுவாகத் தூக்கி அடியைப் பார்த்தேன். காய்ந்த சாணியில் ஒரு துண்டு வைக்கோல் ஒட்டியிருந்தது.

பின்னாலிருந்து மாமா நிதானமாகக் கேட்டார்: "ஏத்தா, அது நம்ம செவலை பாட்டுலுல்ல?"

வரிசையில் அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பைப் பற்றி எழுதப் போவதில்லை. ஒரு அம்மாள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவருக்குத் தண்ணீர் கொடுக்க ஒருவர் ஓடினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அத்தை சிரிக்கவில்லை. பெஞ்சில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப இன்னிக்கு இல்லையா?"

"இல்ல அத்த."

"நா தின்ன அதிரசம் பூராம்?"

"ஆமா அத்த."

"ம்" என்றார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெரியாத வெளியைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். அந்தக் கண் என் வார்த்தையை நம்பித்தான் இருந்தது. என்னை நம்பியதற்குப் பதில் செவலையை நம்பியிருக்கலாம். செக்கானூரணி தாண்டியதும் அத்தையின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தேன். திரும்பினால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"ஏன்டி, எம் பாட்டுலுல அதோட தண்ணி இருந்துச்சுன்னா, செவலை காலுக்கு ஒங்க மாமா எதடி ஊத்துனாரு?"

மாமா யோசித்தார். "ஒம் மருந்தத்தேன்."

"புண்ணு?"

"ஆறிப்போச்சுல்ல!"

"செவந்துச்சா?"

"எது?"

"காலு. மருந்து பட்டுச் செவந்துச்சா?"

"இல்லையே."

"அப்ப செவலைக்குச் சக்கரை இல்ல" என்றார் அத்தை. "வீட்டுல ஒருத்தருக்காச்சும் இல்லையே."

கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மூவரும் சிரித்தோம். நான் மட்டும் நடுவில் கொஞ்சம் அழுதேன்.

வீட்டில் விசாரணை நடந்தது. தீபத்தன்று மூடிகளைக் கழுவி மாற்றிப் போட்டது யார்? மாமா தான் இல்லை என்றார். அத்தை தனக்குக் கண்ணே தெரியாது என்றார். என் கணவர் ஆபீசில் இருந்ததாகச் சொன்னார் (அன்று விடுமுறை என்பதைச் சுட்டிக்காட்டினேன்). தீர்ப்பு இல்லாமல் வழக்கு முடிந்தது.

மறுநாள் காலை அத்தை நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். முதல் உத்தரவு: ஆய்வுக்கூடம் அடுப்படிக்கு வர வேண்டும். "மூத்திரமாவது மண்ணாவது. கண்ணு என்னோடது." இரண்டாவது: மூடியில் எழுத்து கிடையாது. பாட்டில் கழுத்தில் கயிறு கட்டி மூன்று முடிச்சுப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும். மூன்றாவதுதான் என்னை வாய்பிளக்க வைத்தது.

"மொதல்ல அந்தப் பாட்டுலு பொய் சொல்லுதான்னு பாக்கணும். அந்த ஆஸ்பத்திரித் தம்பி போட்டாப்புல குளுக்கோஸப் போடு. செவக்குதா? செவந்தாத்தேன் என்னோடதப் பாக்கணும்."

அதோடு நிற்கவில்லை. நிறத்தை நான் சொன்னால் மட்டும் போதாது. என்னிடம் கேட்டுவிட்டு, என்னை வெளியே அனுப்பிவிட்டு, மாமாவைக் கூப்பிட்டுத் தனியாகக் கேட்பார். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துவந்தால்தான் ஏற்பு. ஒருநாள் நான் மஞ்சள் என்றேன், மாமா பச்சை என்றார். "ரெண்டு பேரும் போங்க, திருப்பிக் காச்சுங்க" என்றார் அத்தை. சொட்டுகளையும் அவரே விட்டார், ஃபில்லரை அமுக்கி, வாய்விட்டு எண்ணி. மாத்திரை நேரத்துக்குப் போனது. அதிரசம் போன இடம் தெரியவில்லை.

செங்கலிலிருந்து மறுபடி ஏணி இறங்கினோம். இந்த முறை பச்சை வந்தது. மாசியில் ஒருநாள் குழாய் நீலமாக நின்றது. நான் குழாயைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தேன்.

"என்ன கலரு?"

"சொல்லப் பயமா இருக்கு அத்த."

"குளுக்கோஸ் செவந்துச்சா?"

"செவந்துச்சு."

"மாமா என்ன சொல்லுறாரு?"

"நீலந்தேன்" என்றார் மாமா வாசலிலிருந்து.

"அப்ப நெசம்" என்றார் அத்தை. இரண்டு அதிரசம் கேட்கவில்லை. வெறும் காப்பி கேட்டார்.

பங்குனியில் முதல் கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. அதே ஜன்னல், அதே மனிதர். "பாட்டில் கொண்டாந்தீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் புடவை முந்தானையை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

சோடாபுட்டிக் கண்ணாடி வந்து மாட்டிய மறுநாள் காலை, அத்தை அடுப்படிக்கு வந்தார். தானே சொட்டுவிட்டு, தானே காய்ச்சினார். குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதா நீலம்?"

"ஆமா அத்த."

"இம்புட்டு நீலமாவா இருக்கும்? நீ சொல்லுறப்ப எல்லாம் ஏதோ சாம்பக் கலருன்னுல்ல நெனச்சுக்கிட்டேன்." அப்புறம் என் பக்கம் திரும்பிக் கண்ணாடி வழியாக மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "நீயுந்தேன். நா நெனச்சதவிட நல்லாத்தேன் இருக்க."

அன்று சாயங்காலமே தெருவுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியின் மூஞ்சியை ஒழுங்காகப் பார்த்துச் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

அத்தை அதன்பிறகு நெடுநாள் தன் சர்க்கரையைத் தானே பார்த்துக்கொண்டார். பின்னாளில் விரலில் குத்தும் கருவியை என் மகன் வாங்கி வந்தபோது, "இது பொய் சொல்லாதுங்கிறதுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டு, முதலில் மாமாவின் விரலை நீட்டச் சொன்னார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் நம்ப முடியாத அளவுக்கு நல்ல சேதி எதுவந்தாலும் ஒரே கேள்விதான். மகன் கணக்கில் நூறு வாங்கினாலும், கணவருக்குப் பதவி உயர்வு என்றாலும், அத்தையின் பேத்திக்கு அமைந்த மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்று தரகர் சொன்னாலும், யாராவது ஒருவர் கேட்பார்: "குளுக்கோஸ் போட்டுப் பாத்தீங்களா?"

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. செவலையின் குளம்பு ஆறியது உண்மை. அதற்குப்பின் அது நொண்டியதே இல்லை. ஆனால் அதே சமயத்தில் மழையும் நின்று தொழுவமும் காய்ந்துவிட்டது. மாட்டு டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். ஆகவே, பெனடிக்ட் கரைசல் மாட்டுக் குளம்புப் புண்ணை ஆற்றுமா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.